நெல்லுக்கு உப்பு

விருந்துச் சாப்பாடு முடிந்த மூன்று நான்கு மணி நேரத்தில் ஒருவருக்கு ரத்தம் எடுத்து, குழாயைச் சுழற்றி, சிவப்பணுக்களை அடியில் படியவிட்டுப் பார்த்தால் மேலே நிற்கும் திரவம் தெளிந்திருக்காது. நீர்மோர் போலக் கலங்கியிருக்கும். அதையே இரவு முழுக்கக் குளிர்பதனப் பெட்டியில் அசைக்காமல் வைத்தால் காலையில் மேலே பாலாடை மாதிரி ஒரு படலம் கட்டியிருக்கும். பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்பவர்களுக்கு இது பழகிய காட்சி. அந்த ஆடைதான் சாப்பாட்டில் இருந்த எண்ணெயும் நெய்யும். குடலிலிருந்து புறப்பட்டு, போக வேண்டிய இடம் போய்ச் சேரும் முன்பே வழியில் பிடிபட்டவை.

அதே குழாயைக் குளிரில் வைக்காமல் உடலின் சூட்டில், 37 டிகிரியில், சில மணி நேரம் வைத்தால் நடப்பது வேறு. அது கண்ணுக்குத் தெரியாது. அங்கே இதயம் இல்லை, கல்லீரல் இல்லை, ரத்தக் குழாயின் சுவர்கூட இல்லை. ஆனாலும் அந்தத் திரவத்துக்குள் கொழுப்பு இடம் மாறிக்கொண்டே இருக்கும். 1965-ல் அலெக்ஸ் நிக்கோல்ஸ், ஸ்மித் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இதை அளந்து எழுதினார்கள். ரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கும் துகள்களில் ஒரு வகையில் கொலஸ்ட்ரால் எஸ்டர் குறைந்திருந்தது. குறைந்த இடத்தில் டிரைகிளிசரைடு வந்து உட்கார்ந்திருந்தது. இன்னொரு வகைத் துகளில் இதற்கு நேர்மாறு. ஒன்று போன அளவுக்கு மற்றொன்று வந்திருந்தது.

கடற்கரையிலிருந்து உப்பை ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்கு வண்டி கட்டிப் போன உமணர்கள், நெல்லை வாங்கிக்கொண்டு உப்பைக் கொடுத்தார்கள். காசு கை மாறவில்லை. ரத்தத்தில் நடப்பதும் அப்படிப்பட்ட பண்டமாற்றுதான். இந்தப் பண்டமாற்றைத் தடுக்கப் பார்த்ததில் பெரும் பணம் செலவாயிற்று. அந்தக் கதைக்குப் போகும் முன் யார் யாரிடம் என்ன சரக்கு இருக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

எண்ணெய் தண்ணீரில் கரையாது. ரத்தம் பெரும்பாலும் தண்ணீர். ஆகவே கொழுப்பை ரத்தத்தில் அனுப்ப வேண்டுமென்றால் அதைப் பொட்டலம் கட்டியாக வேண்டும். உள்ளே தண்ணீர் ஆகாத சரக்கு. வெளியே, ஒரு முகம் எண்ணெயையும் மறு முகம் தண்ணீரையும் பார்த்து நிற்கும் பாஸ்போலிப்பிட் மூலக்கூறுகளின் ஒற்றை அடுக்கு. அந்த அடுக்கின் மேல் கச்சை கட்டியதுபோலப் புரதங்கள். இந்தப் பொட்டலத்துக்குத்தான் லிப்போபுரதம் என்று பெயர். உள்ளே இருக்கும் சரக்கு முக்கியமாக இரண்டு. எரிபொருளாகப் பயன்படும் டிரைகிளிசரைடு ஒன்று. கொலஸ்ட்ராலோடு ஒரு கொழுப்பு அமிலத்தை இணைத்துச் செய்த கொலஸ்ட்ரால் எஸ்டர் மற்றொன்று.

இந்தப் பொட்டலங்களில் முக்கியமாக நான்கு வகைகள். இவற்றின் அளவு வித்தியாசத்தை எண்களில் சொன்னால் மனதில் நிற்பதில்லை. ஒரு நானோமீட்டரை ஒரு மில்லிமீட்டராகப் பெரிதாக்கிக் கொள்வோம். அப்போது எச்.டி.எல். ஒரு சுண்டைக்காய். எல்.டி.எல். ஒரு நெல்லிக்காய். கல்லீரல் செய்து அனுப்பும் வி.எல்.டி.எல். எலுமிச்சையிலிருந்து மாங்காய் வரை பல அளவுகளில் இருக்கும். சாப்பிட்ட பிறகு குடல் செய்து அனுப்பும் கைலோமைக்ரான் தேங்காயிலிருந்து பெரிய பலாப்பழம் வரை போகும். சற்று முன் பார்த்த பாலாடை இந்தப் பலாப்பழங்களின் கூட்டம். பெரியவை இரண்டும் டிரைகிளிசரைடால் நிரம்பியவை. சிறியவை இரண்டின் உள்ளே பெரும்பாலும் கொலஸ்ட்ரால் எஸ்டர். ஒரே ஒரு நெல்லிக்காய்க்குள் சுமார் 1500 கொலஸ்ட்ரால் எஸ்டர் மூலக்கூறுகள் அடைந்து கிடக்கின்றன.

கைலோமைக்ரானின் பயணம் அழகானது. அது குடலிலிருந்து நேராகக் கல்லீரலுக்குப் போவதில்லை. நிணநீர்க் குழாய் வழியாக மேலேறி, கழுத்தின் இடப் பக்கம் அடியில் ஒரு சிரையில் போய்க் கலக்கிறது. ரத்தத்துக்குள் வந்ததும் அது செய்யும் முதல் காரியம் கடன் வாங்குவது. எதிரே வரும் எச்.டி.எல்.லிடமிருந்து சி-2 என்ற சிறிய புரதத்தை வாங்கித் தன் மேல் ஒட்டிக்கொள்கிறது. அந்தப் புரதம் இருந்தால்தான் தசையிலும் கொழுப்புத் திசுவிலும் உள்ள நுண்குழாய்களின் சுவரில் காத்திருக்கும் லிப்போபுரத லிப்பேஸ் என்ற நொதி வேலை செய்யும். அந்த நொதி டிரைகிளிசரைடை வெட்டி வெட்டித் திசுக்களுக்கு ஊட்டுகிறது. சில நிமிடங்களில் பலாப்பழம் சுருங்கிவிடும். சுருங்கியதும், வாங்கிய புரதத்தை எச்.டி.எல்.லிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு மிச்சம் மீதியோடு கல்லீரலுக்குப் போகிறது. சுருங்கிய துகளின் மேலுறை தொளதொளத்துப் போகும் அல்லவா? அந்த உபரி உறையையும் எச்.டி.எல். எடுத்துக்கொள்கிறது. அதற்கு உதவவும் தனியாக ஒரு புரதம் இருக்கிறது.

லிப்போபுரத லிப்பேஸ் கண்டறியப்பட்டதற்குப் பின்னால் ஒரு தற்செயல் உண்டு. 1943-ல் பால் ஹான் என்ற அமெரிக்க ஆய்வாளர், கொழுப்பால் ரத்தம் வெளுத்திருந்த நாய்களுக்கு வேறொரு காரணத்துக்காக, ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி போட்டார். பால்போல இருந்த ரத்த நீர் தெளிந்துவிட்டது. குழாய்ச் சுவரில் ஒட்டியிருந்த நொதியை ஹெப்பாரின் பெயர்த்து விட்டதுதான் காரணம் என்பது பின்னால்தான் புரிந்தது.

இனி ஒரு கொலஸ்ட்ரால் மூலக்கூறைப் பின்தொடர்வோம். இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நல்ல கொலஸ்ட்ரால், கெட்ட கொலஸ்ட்ரால் என்ற பெயர்கள் எவ்வளவு குழப்பம் செய்திருக்கின்றன என்பது இந்தப் பயணத்தில்தான் வெளிப்படும்.

அந்த மூலக்கூறு இதயத் தமனியின் சுவருக்குள், கொழுப்பை விழுங்கி உப்பிப்போன ஒரு வெள்ளணுவுக்குள் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். செல்லின் சவ்வில் ஏ.பி.சி.ஏ.1 என்ற ஓர் இறைப்பான் இருக்கிறது. அது கொலஸ்ட்ராலை வெளியே தள்ளுகிறது. வெளியே ஏ-1 என்ற புரதம், கிட்டத்தட்ட வெறுங்கையோடு காத்திருக்கிறது. கொலஸ்ட்ராலும் பாஸ்போலிப்பிட்டும் வந்து சேரச் சேர அது தட்டையான வட்டாகிறது. இதுதான் பிறந்த நிலை எச்.டி.எல்.

இந்த இறைப்பான் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் உள்ள டேஞ்சியர் என்ற சிறு தீவு காட்டிக் கொடுத்தது. 1960-ஐ ஒட்டி அந்தத் தீவைச் சேர்ந்த ஒரு சிறுவனின் டான்சில் சதைகள் விநோதமான ஆரஞ்சு நிறத்தில் இருப்பதை மருத்துவர்கள் கண்டார்கள். வெளியேற வழியில்லாத கொலஸ்ட்ரால் அங்கே தேங்கியிருந்தது. அவன் ரத்தத்தில் எச்.டி.எல். ஏறக்குறைய இல்லவே இல்லை. டொனால்ட் ஃப்ரெட்ரிக்சன் அந்த நோய்க்குத் தீவின் பெயரையே வைத்தார். காரணமான மரபணு 1999-ல்தான் பிடிபட்டது.

நம் மூலக்கூறு இப்போது எச்.டி.எல். வட்டின் மேற்பரப்பில் இருக்கிறது. மேற்பரப்பில் இருக்கும் கொலஸ்ட்ரால் கட்டுப்பாடில்லாதது. யாருடைய உதவியும் இல்லாமல் ஒரு துகளிலிருந்து கழன்று இன்னொன்றில் ஏறிக்கொள்ளும். ஆனால் எச்.டி.எல்.லோடு ஒட்டித் திரியும் எல்.சி.ஏ.டி. என்ற நொதி அதை விடுவதில்லை. 1962-ல் ஜான் குளோம்செட் விவரித்த நொதி இது. அது கொலஸ்ட்ராலின் ஒரு முனையில் கொழுப்பு அமில வாலைக் கட்டிவிடுகிறது. வால் கட்டியதும் அந்த மூலக்கூறுக்குத் தண்ணீரின் பக்கமே நிற்க முடியாது. துகளின் நடுவுக்குள் அமிழ்ந்துவிடும். நடுவே சரக்கு சேரச் சேர, வட்டு உப்பி உருண்டையாகிறது. நம் சுண்டைக்காய் தயார்.

அமிழ்ந்துபோன எஸ்டருக்குத் தானாக வெளியேறத் தெரியாது. அதன் முன்னே இரண்டு வழிகள்தான். ஒன்று, எச்.டி.எல். கல்லீரலுக்குப் போய் அங்குள்ள எஸ்.ஆர்.பி.1 என்ற ஏற்பியில் ஒட்ட, எஸ்டர் மட்டும் உள்ளே இறங்கிக்கொள்வது. மற்றொன்று பண்டமாற்று. வழியில் வரும் வி.எல்.டி.எல்.லிடமோ எல்.டி.எல்.லிடமோ எஸ்டரைக் கொடுத்துவிட்டு டிரைகிளிசரைடை வாங்கிக்கொள்வது. மனிதர்களில் பெரும்பங்கு இந்த இரண்டாவது வழியில்தான் போகிறது.

காலையில் எச்.டி.எல்.லுக்குள் இருந்தபோது நாம் நல்ல கொலஸ்ட்ரால் என்று சொன்னோமே, அதே மூலக்கூறு, அணு அளவும் மாறாமல், மாலையில் எல்.டி.எல்.லுக்குள் இருக்கிறது. இப்போது அதைக் கெட்ட கொலஸ்ட்ரால் என்கிறோம். எல்.டி.எல். இரண்டு மூன்று நாட்கள் ரத்தத்தில் சுற்றும். கல்லீரல் அதை எடுத்துக்கொண்டால் நம் மூலக்கூறு பித்தநீராகிக் குடல் வழியே வெளியேறும். கல்லீரலின் கதவு போதாமல் எல்.டி.எல். தமனிச் சுவருக்குள் புகுந்து அங்கேயே சிக்கிக்கொண்டால், புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிட்டது என்று அர்த்தம். அந்தக் கதவை, அதாவது எல்.டி.எல். ஏற்பியை, டல்லாஸில் கண்டறிந்த மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டைனும் 1985-ல் நோபல் பரிசு பெற்றார்கள்.

நிக்கோல்ஸும் ஸ்மித்தும் பண்டமாற்று நடப்பதைக் கண்டார்கள். அதை நடத்தி வைக்கும் தரகரை அவர்கள் காணவில்லை. பத்தாண்டு கழித்து, 1975-ல், டொனால்ட் சில்வர்ஸ்மித்தும் அவருடன் பணியாற்றியவர்களும் முயல்களின் ரத்தத்திலிருந்து லிப்போபுரதங்களை எல்லாம் அகற்றிவிட்டு, எஞ்சிய திரவத்தில் இந்த இடமாற்றத்தைத் தூண்டும் ஏதோ ஒரு பொருள் இருப்பதைக் காட்டினார்கள். அது ஒரு புரதம். இன்று அதன் பெயர் கொலஸ்ட்ரால் எஸ்டர் மாற்றுப் புரதம், சுருக்கமாக சி.இ.டி.பி. 476 அமினோ அமிலங்கள் கொண்டது. 1987-ல் அதன் மரபணு பிரித்தெடுக்கப்பட்டது.

2007-ல் அதன் முப்பரிமாண வடிவம் வெளியானபோது நான் மிக வியந்த விஷயம், இவ்வளவு பெரிய வேலைக்கு இவ்வளவு எளிய கருவியா என்பதுதான். நம் அளவுகோலில் அது ஒரு சிறு முந்திரிப் பருப்பு. நீளம் 13.5 மில்லிமீட்டர், வளைவும் முந்திரியின் வளைவே. அதற்குள் நீளவாக்கில் ஒரு சுரங்கம். சுரங்கத்தில் இரண்டு கொலஸ்ட்ரால் எஸ்டர்கள் படுத்திருக்க இடம் உண்டு. சுரங்கத்தின் இரண்டு வாய்களிலும் பாஸ்போலிப்பிட் மூலக்கூறுகள் அடைப்பான்போல நின்று, உள்ளே தண்ணீர் புகாமல் காக்கின்றன. முந்திரியின் உள்வளைவு எச்.டி.எல். போன்ற சிறு உருண்டையின் மேல் பொருந்தி உட்காரும்.

சரக்கை அது எப்படிக் கொண்டு போகிறது என்பதில் இரண்டு கட்சிகள். ஒரு துகளில் ஒட்டி, சரக்கை எடுத்துக்கொண்டு, கழன்று நீந்தி, அடுத்த துகளில் இறக்கும் ஓடக்காரன் என்பது ஒரு கட்சி. ஒரு முனை எச்.டி.எல்.லிலும் மறு முனை எல்.டி.எல்.லிலும் குத்தி நிற்க, சுரங்கம் வழியே சரக்கு நேராகப் பாய்கிறது என்பது மற்றொரு கட்சி. இரண்டாவது கட்சிக்கு 2012-ல் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்கள் பக்கபலமாக வந்தன. பின்னால் வந்த சில ஆய்வுகள் அந்தப் படங்களை வேறுவிதமாகப் படித்தன. பாலமா, ஓடமா என்பது இன்னும் முடியவில்லை.

எலிக்கும் சுண்டெலிக்கும் சி.இ.டி.பி. கிடையாது. அவற்றின் ரத்தத்தில் கொலஸ்ட்ராலின் பெரும்பகுதி எச்.டி.எல்.லிலேயே தங்கிவிடுகிறது. தமனி அடைப்பும் அவற்றுக்கு எளிதில் வராது. முயலுக்கோ சி.இ.டி.பி. மிகுதி. 1913-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நிக்கோலாய் அனிச்கோவ், கொலஸ்ட்ராலைச் சூரியகாந்தி எண்ணெயில் கரைத்து முயல்களுக்கு ஊட்டினார். சில வாரங்களிலேயே தமனிகளில் கொழுப்பு படிந்தது. எலியில் இது பலிக்கவில்லை. இந்த வேறுபாட்டுக்குக் காரணங்கள் பல, சி.இ.டி.பி. அவற்றில் ஒன்று. 1993-ல் குரங்கின் சி.இ.டி.பி. மரபணுவைச் சுண்டெலிகளுக்குள் புகுத்தினார்கள். கொழுப்புணவு கொடுத்ததும் அவற்றின் தமனிகளில் கடுமையான படிவு உண்டாயிற்று.

இந்தச் சான்றுகளைக் கையில் வைத்துக்கொண்டு யாராக இருந்தாலும் ஒரு முடிவுக்குத்தான் வருவார்கள். பண்டமாற்றை நிறுத்திவிட்டால் கொலஸ்ட்ரால் எச்.டி.எல்.லிலேயே தங்கும், எச்.டி.எல். அதிகமுள்ளவர்களுக்கு மாரடைப்பு குறைவு என்பதை அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஆய்வு 1977-லேயே காட்டிவிட்டது. ஆகவே தரகரை முடக்குவோம். ஜப்பானிலிருந்து வந்த செய்தியும் அதற்கு ஒத்துப்போனது. அங்கே சிலர் பிறவியிலேயே சி.இ.டி.பி. இல்லாமல் இருந்தார்கள். 1990-ல் வெளியான கட்டுரையின்படி, இரண்டு பிரதிகளும் பழுதான மரபணு உள்ளவர்களின் எச்.டி.எல். சராசரியாக ஒரு டெசிலிட்டருக்கு 164 மில்லிகிராம். பழுதில்லாத உறவினர்களுக்கு 53. நோய்க்கான அறிகுறி எதுவும் அவர்களிடம் தென்படவில்லை. நீண்ட ஆயுளுக்கான சாயல்கூடத் தெரிவதாக அந்தக் கட்டுரை எழுதியது.

ஆனால் ஜப்பானின் வடக்கே, அகிதா மாகாணத்தின் ஒமகாரி என்ற ஊர்ப்பகுதி வேறு கதை சொன்னது. அங்கே இந்த மரபணுப் பழுது மிகச் சாதாரணம். நாலில் ஒருவரிடம் இருந்தது. பழுது ஆயுளை நீட்டுகிறதென்றால் எண்பது வயதைத் தாண்டியவர்களில் அது கூடுதலாகக் காணப்பட வேண்டும். 1997-ல் அங்கே எண்ணிப் பார்த்தபோது முதியவர்களில் அது குறைவாக இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, ஹவாயில் வாழும் ஜப்பானிய வம்சாவளி ஆண்களிடம் செய்த ஆய்வும், இந்தப் பழுது உள்ளவர்களிடம் எச்.டி.எல். கூடியிருந்தும் இதய நோய் அதிகமாக இருப்பதைக் கண்டது. ஒமகாரிக்காரர்கள் தந்த பதிலைப் போதுமான அளவு காது கொடுத்துக் கேட்கவில்லை என்றே நான் நினைக்கிறேன்.

மருந்துகள் வந்தன. ஃபைசர் நிறுவனத்தின் டார்செட்ராபிப் முதலில் வந்தது. எண்கள் பிரமாதமாக இருந்தன. எச்.டி.எல். 72 சதவீதம் ஏறியது, எல்.டி.எல். 25 சதவீதம் இறங்கியது. 15,067 பேரிடம் நடந்த பெரும் சோதனை 2006 டிசம்பர் 2 அன்று திடீரென்று நிறுத்தப்பட்டது. மருந்து எடுத்தவர்களில் அதுவரை 82 பேர் இறந்திருந்தார்கள். எடுக்காதவர்களில் 51 பேர். அந்த மருந்து ரத்த அழுத்தத்தையும் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனையும் கூட்டியது பிறகு தெரிந்தது. அது அந்த ஒரு மருந்தின் தனிக் கோளாறாக இருக்கலாம் என்று மற்ற நிறுவனங்கள் தொடர்ந்தன.

ரோஷ் நிறுவனத்தின் டால்செட்ராபிப் எச்.டி.எல்.லை மிதமாக ஏற்றியது, எல்.டி.எல்.லைத் தொடவில்லை, பலன் எதையும் தரவில்லை, 2012-ல் கைவிடப்பட்டது. எலி லில்லியின் ஈவாசெட்ராபிப் எச்.டி.எல்.லை இரண்டு மடங்குக்கும் மேல் உயர்த்தியது. 12,000-க்கும் மேற்பட்டவர்களில் மாரடைப்போ இதய நோயால் வரும் மரணமோ அதனால் குறையவில்லை. 2015-ல் அதுவும் நின்றது. அடுத்து மெர்க் நிறுவனத்தின் அனாசெட்ராபிப். 30,449 பேர், நான்கு ஆண்டுகள். 2017-ல் முடிவு வந்தது. பெரிய இதயப் பாதிப்புகள் மருந்தில்லாத குழுவில் 11.8 சதவீதம், மருந்துக் குழுவில் 10.8 சதவீதம். பலன் இருந்தது, சிறியதாக. ஆனால் அந்த மருந்து உடல் கொழுப்பில் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும். மெர்க் அதை விற்பனைக்குக் கொண்டுவரவில்லை.

இந்த ஆயிரக்கணக்கானோர் தங்கள் உடலைக் கொடுத்து நமக்குச் சொன்னது என்ன? அனாசெட்ராபிப் தந்த சிறு பலனை எடுத்துப் பார்த்தால், எச்.டி.எல். இரட்டிப்பானதோடு அது பொருந்தவில்லை. மற்றத் துகள்களில் உள்ள கொலஸ்ட்ரால் குறைந்த அளவோடு மட்டும் பொருந்துகிறது. எச்.டி.எல். ஏறியது பலன் தரவில்லை; எல்.டி.எல். வகைத் துகள்களின் எண்ணிக்கை இறங்கியதே பலன் தந்தது. அதே ஆண்டு வெளியான மரபணு ஆய்வு ஒன்றும் இதையே சொன்னது.

உமணரின் வண்டிக்குத் திரும்புவோம். நெல்லோடு யாரும் வரவில்லை என்றால் உப்பு விற்காது. வண்டியில் உப்பு குவிந்து கிடக்கும். வழிப்போக்கர் ஒருவர் அந்தக் குவியலைப் பார்த்து, வியாபாரம் செழிப்பாக நடக்கிறது என்று சொன்னால் அது சரியாகுமா? சி.இ.டி.பி.யை முடக்கியபோது நடந்தது அதுதான். எச்.டி.எல். எண் ஏறியது, சரக்கு இறங்காததால். தமனிச் சுவரிலிருந்து கூடுதலாகச் சரக்கு ஏறியதால் அல்ல.

இன்னும் தெளிவான சான்று 2016-ல் வந்தது. கல்லீரலில் எச்.டி.எல்.லின் சரக்கை இறக்கிக்கொள்ளும் எஸ்.ஆர்.பி.1 ஏற்பி வேலை செய்யாத ஒரு மரபணு மாற்றம். அதை உடையவர்களுக்கு எச்.டி.எல். மிக அதிகம். இதய நோயும் அதிகம். டென்மார்க்கில் லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்ததில், எச்.டி.எல். மட்டுமீறி ஏறியவர்களில் இறப்பு விகிதம் கூடியிருந்தது. ஒருவரின் எச்.டி.எல்.லை எடுத்து ஆய்வுக்கூடத்தில் கொழுப்பு நிரம்பிய செல்கள் மேல் ஊற்றி, அது எவ்வளவு கொலஸ்ட்ராலை உறிஞ்சி எடுக்கிறது என்று அளக்கும் முறை ஒன்று உண்டு. ரத்தத்தில் எவ்வளவு எச்.டி.எல். இருக்கிறது என்பதைவிட, இப்படி அளந்த வேலைத்திறன்தான் நோயோடு நெருக்கமாக ஒத்துப்போகிறது.

இனி நம் ஊர்ப் பக்கம் வருகிறேன். வர வேண்டிய காரணம் உண்டு. சென்னையிலிருந்து வழிநடத்தப்பட்ட ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் ஆய்வின் முதல் கட்டத்தில் தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய இடங்களில் 2,042 பேரின் ரத்தக் கொழுப்பு அளக்கப்பட்டு, முடிவுகள் 2014-ல் வெளியாயின. மொத்தக் கொலஸ்ட்ரால் அதிகமாக இருந்தவர்கள் 13.9 சதவீதம் மட்டுமே. டிரைகிளிசரைடு அதிகம் 29.5 சதவீதம். எச்.டி.எல். குறைவு 72.3 சதவீதம். நம் வீடுகளில் மேசை இழுப்பறைக்குள் கிடக்கும் பரிசோதனைத் தாள்களும் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். டிரைகிளிசரைடுக்கு எதிரே மேல் நோக்கிய அம்பு, எச்.டி.எல்.லுக்கு எதிரே கீழ் நோக்கிய அம்பு. இரண்டும் இரண்டு தனிக் குறைகள் என்றே பலரும் நினைக்கிறார்கள்.

பல சமயம் அவை ஒரே நிகழ்ச்சியின் இரண்டு முனைகள். தேவைக்கு மேல் மாவுச்சத்தும் இனிப்பும் சாப்பிட்டு, உடலும் இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படாதபோது கல்லீரல் டிரைகிளிசரைடை நிறையச் செய்து பெரிய பெரிய வி.எல்.டி.எல்.களில் ஏற்றி அனுப்புகிறது. சந்தையில் நெல் குவிந்துவிட்டது. இருக்கும் உப்புக்கெல்லாம் நெல் கிடைக்கும். சி.இ.டி.பி. ஓயாமல் மாற்றுகிறது. எச்.டி.எல். தன்னிடமிருந்த எஸ்டரைக் கொடுத்துவிட்டு டிரைகிளிசரைடால் நிரம்புகிறது. கல்லீரலில் உள்ள இன்னொரு லிப்பேஸ் நொதி அந்த டிரைகிளிசரைடைத் தின்றுவிடும். சுண்டைக்காய் மேலும் சிறுத்துப்போகும். சிறுத்த துகளிலிருந்து ஏ-1 புரதம் எளிதில் கழன்று சிறுநீரகம் வழியே இழக்கப்படுகிறது. எச்.டி.எல். குறைகிறது.

எல்.டி.எல்.லுக்கும் இதே கதி. அதுவும் எஸ்டரைக் கொடுத்து டிரைகிளிசரைடை வாங்கி, பிறகு அதை இழந்து, சிறுத்து, இறுகிப்போகிறது. நெல்லிக்காய் சுருங்கி அரைநெல்லி ஆகிவிட்டது என்று சொல்லலாம். ஒவ்வொன்றிலும் கொலஸ்ட்ரால் குறைவாக இருப்பதால், தாளில் எல்.டி.எல். எண் மிதமாகவே தெரியும். துகள்களின் எண்ணிக்கையோ அதிகம். தமனிச் சுவரில் புகுவது துகள்கள். அதனால்தான் இப்போது பல மருத்துவர்கள் அபோ-பி என்ற புரதத்தை அளக்கச் சொல்கிறார்கள். எல்.டி.எல். ஒவ்வொன்றிலும் அந்தப் புரதம் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். வி.எல்.டி.எல்.லிலும் அப்படியே. ஆகவே புரதத்தை எண்ணினால் துகள்களை எண்ணியதாகிறது.

72 சதவீதத்துக்கும் 29 சதவீதத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி பெரிது. எச்.டி.எல். குறைவதற்கு மரபு, உழைப்புக் குறைவு, புகைப்பழக்கம் என்று வேறு காரணங்களும் உண்டு. எல்லாவற்றையும் பண்டமாற்றின் தலையில் ஏற்ற முடியாது. ஆனால் இரண்டு அம்புகளும் சேர்ந்து தென்படும் தாளில், எச்.டி.எல்.லை ஏற்ற மாத்திரை இருக்கிறதா என்று கேட்பவர்கள் அநேகம். கேட்க வேண்டிய கேள்வி நெல் ஏன் இவ்வளவு குவிந்தது என்பது. எடை சற்றுக் குறைந்து, மாவுச்சத்து குறைந்து, நடை கூடினால் டிரைகிளிசரைடு இறங்கும். அது இறங்கும்போது எச்.டி.எல். பெரும்பாலும் தானாகவே கொஞ்சம் ஏறும்.

அந்தத் தாளைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதில் எல்.டி.எல். என்று அச்சாகியிருக்கும் எண் பல கூடங்களில் நேரடியாக அளந்ததல்ல, கணக்குப் போட்டது. 1972-ல் ஃப்ரீட்வால்டும் உடன் பணியாற்றியவர்களும் தந்த சூத்திரம் அது. மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்.டி.எல்.லைக் கழிக்க வேண்டும், டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிக்க வேண்டும், மிஞ்சுவது எல்.டி.எல். அந்த ஐந்தில் ஒன்று என்பது வி.எல்.டி.எல்.லுக்குள் நெல்லும் உப்பும் எப்போதும் ஒரே விகிதத்தில் இருக்கும் என்ற ஊகம். பண்டமாற்று வேகமெடுக்கும்போதும் கைலோமைக்ரான்கள் கலந்திருக்கும்போதும் அந்த விகிதம் நிலைக்காது. டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் சூத்திரத்தையே பயன்படுத்தக் கூடாது. வெறும் வயிற்றில் வரச் சொன்னதன் பின்னால் இந்தக் கணக்கும் இருந்தது.

பண்டமாற்றை அளக்கும் ஆய்வாளர்கள் ஒரே ரத்தத்தை இரண்டு குழாய்களில் பிரிப்பார்கள். ஒன்றை 37 டிகிரியில் வைப்பார்கள், மற்றொன்றைப் பனிக்கட்டிக்குள் புதைப்பார்கள். பனிக்கட்டிக்குள் இருப்பதில் துகள்கள் எடுத்த நொடியில் இருந்தபடியே ஏறக்குறைய உறைந்து நிற்கும். மற்றக் குழாயில், மேசை மேல், உடலை விட்டு வந்து மணிக்கணக்கான பிறகும் முந்திரிப் பருப்புகள் சுண்டைக்காயிலிருந்து மாங்காய்க்கும் மாங்காயிலிருந்து நெல்லிக்காய்க்கும் சரக்கை மாற்றிக்கொண்டே இருக்கும்.